கத்தரிக்கோல் காட்டிய வழி

தையல்காரர் வாயில் குண்டூசி இருக்கும்போது யாரும் அவரிடம் பேச்சுக் கொடுப்பதில்லை. ஒருமுறை எட்டு ஊசியை உதட்டில் கவ்வியிருந்த சமயம் தும்மல் வந்து, எதிர்ச் சுவரில் நாட்காட்டி நாலு மூலையும் ஒழுங்காக அறையப்பட்டுவிட்டது. ஒரு மூலைக்கு இரண்டு ஊசி. நாட்காட்டி இன்னும் அங்கேதான் இருக்கிறது. நம்பாதவர்கள் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

நேற்றுச் சாயங்காலமும் அவர் வாயில் ஊசி இருந்தது. அதனால் வந்ததுதான் இத்தனையும்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டே நாள். எதிரே இருக்கிற கோவிலின் குடிலில் நிற்கப்போகும் ஆளுயர மரச் சூசையப்பருக்கு அங்கி தைத்துக்கொண்டிருந்தார். குடில் சொரூபங்களுக்கு வருஷா வருஷம் அவர்தான் உடை. மாதாவுக்கு நீலம், சூசையப்பருக்குக் காப்பிப்பொடி நிறம். முன்பக்கம் மட்டும்தான் துணி. முதுகுப் பக்கம் திறந்தபடி இரண்டு நாடா வைத்துக் கட்டிவிடுவார். சுவரோரம் நிற்கிறவருக்கு முதுகு எதற்கு என்பது அவர் கட்சி. சேசுவை வளர்த்த தகப்பனுக்கு இந்தப் பங்குக் கோவிலில் மட்டும் முதுகே கிடையாது என்று பாதர் ஒருதரம் குறைப்பட்டுக்கொண்டார். துணி மிச்சமாவதைச் சொன்னதும் அடங்கிவிட்டார்.

அப்போதுதான் கடை வாசலில் ஓர் ஆள் வந்து நின்றான். பஸ் நிலையத்துக்குப் பின்னால் இரண்டு மாதமாகப் பிளாஸ்டிக் விரிப்புக்குக் கீழே குடியிருக்கிறார்களே, எல்லை தாண்டி வந்தவர்கள், அவர்களில் ஒருவன். என்னவோ சொன்னான். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. போட்டிருந்த சாம்பல் கோட்டின் காலரைப் புரட்டிப் புரட்டிக் காட்டினான். கிழிசல் தைக்கச் சொல்கிறான் என்று தையல்காரர் எடுத்துக்கொண்டார். பண்டிகை நெருக்கத்தில் எவன் காலர் தைப்பான்? வாயில் ஊசி. எனவே கையிலிருந்த பெரிய கத்தரிக்கோலை வாசலைப் பார்க்க நீட்டி இரண்டு ஆட்டு ஆட்டினார்.

அந்த ஆள் கத்தரிக்கோல் நீண்ட திசையைத் திரும்பிப் பார்த்தான். பிறகு இவரைப் பார்த்தான். நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்து, போய்விட்டான்.

விரட்டப்பட்டவன் முகம் இவ்வளவு தெளிவாக இருக்காதே என்று தையல்காரருக்கு ஒரு கணம் தோன்றியது. அந்தக் கோட்டின் தோள் வெட்டை எங்கோ பார்த்த ஞாபகமும் வந்தது. ஆனால் சாம்பல் கோட்டைக் கண்டால் பார்வையை நகர்த்திவிடுவது என்று அவர் மூன்று வருஷமாக ஒரு பழக்கம் வைத்திருந்தார்.

பழக்கத்தின் காரணம் பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு நாலு வரி. அவருக்கு ஒரு மகன். இடது கையால் தைப்பான். அதனால் வீட்டில் பெயர் பீச்சாங்கை. மூன்று வருஷம் முன்னால் ஒரு மழையில், போக்கிடம் இல்லாத ஏழு பேரைக் கடைக்குள் கூட்டிவந்து வெட்டு மேசைமேல் படுக்க வைத்தான். ஒரு கல்யாணப் பெண்ணின் வெள்ளை உடையில் சேறு அப்பிவிட்டது. இது கடையா சத்திரமா என்று அப்பா கேட்டார். இரண்டுமா இருந்தா என்னப்பா என்று மகன் கேட்டான். அப்படியானால் நீயும் அவர்களோடு போ, போகும்முன் அந்தச் சாம்பல் கோட்டைக் கழற்று, அது நான் தைத்தது என்றார் அப்பா. அம்மாதான் கழற்றிய கோட்டைப் பிடுங்கி மறுபடி மகன் தோளில் போட்டாள்.

"ஒருநாள் திருப்பி அனுப்பிடறேன்ப்பா" என்றான் பீச்சாங்கை. அதோடு சரி. கடிதம் இல்லை, போன் இல்லை.

நேற்று இருட்டும் நேரத்தில் தையல்காரர் அங்கியை எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டிக் கோவில் முகப்புக்குப் போனார். சூசையப்பர் அங்கே இல்லை. போன வருஷம் ஆர்மோனியக்காரர் சாய்ந்துகொண்டதில் கழுத்து முறிந்துபோன சொரூபத்தை, தச்சு வேலை பார்க்கும் மைத்துனர் ஒட்டிக்கொண்டிருந்தார். மைத்துனரே கொண்டுவந்து நிறுத்தி அங்கியையும் மாட்டிவிடுவதாக ஏற்பாடு. எனவே அங்கியை மடித்து வைக்கோல்மேல் வைத்துவிட்டுத் திரும்பினார். முகப்பு ஓரத்துக் கல் பெஞ்சில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். அவர் பார்க்கவில்லை.

குளிர் காலத்தில் வழிப்போக்கர் படுக்கத் திறந்துவிடும் பங்குக் கூடம் இந்த வருஷம் பூட்டியிருந்தது. கிறிஸ்துமஸ் விருந்துக்காகத் தரைக்கு வார்னிஷ் அடித்திருந்தார்கள். பூட்டலாம் என்று கை தூக்கியவர்களில் தையல்காரரும் ஒருவர். சாவி அவர் சட்டைப்பையில்தான்.

*

இன்று காலை கோவிலைக் கூட்டப் போன மனைவி பாதியிலேயே திரும்பி வந்தாள்.

"என்னங்க, தம்பி நேத்தே கொண்டுவந்து வச்சிட்டான் போலிருக்கு. ஆனா உட்கார்ந்த மாதிரி செஞ்சிருக்கான்."

தையல்காரர் போய், குடிலைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே நின்றார். சொரூபத்துக்கு உடை மாட்டியாயிற்று என்றால், பண்டிகைக்கு முந்தின மாலை ஆறு மணிக்குப் பாதர் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கிறவரை யாரும் கயிற்றைத் தாண்டக் கூடாது என்பது அந்தக் கோவிலின் வழக்கம். பாதரே தாண்டமாட்டார். ஒருதரம் பூனை தாண்டியதற்கே பங்குக் குழு கூடியது.

குடிலின் பின்மூலையில், பலகைச் சுவரில் சாய்ந்து, தலைவரை அங்கியைப் போர்த்திக்கொண்டு சூசையப்பர் உட்கார்ந்திருந்தார். தாடியும் மூக்கும் கொஞ்சம் தெரிந்தன. கீழே இரண்டு பாதங்கள்.

நிற்கிற ஆளுக்குத் தைத்ததை உட்கார வைத்துவிட்டானே என்று தையல்காரருக்கு எரிச்சல். ஆனாலும் துணி தோளில் ஒட்டி விழுந்திருந்த அழகு அவர் கண்ணில் பட்டது. மரத்துக்கு அளவெடுத்தது, மனுஷனுக்குத் தைத்த மாதிரி.

"காலைப் பாருங்க, நீலமா வர்ணம் அடிச்சிருக்கான்" என்றாள் மனைவி.

"உன் தம்பிக்கு வர்ணம் என்னைக்கு ஒழுங்கா வந்திருக்கு? ஒட்டகத்துக்குப் பச்சை அடிச்சவன்தானே."

"தூங்கற மாதிரி இருக்காரே."

"தேவதூதன் அவருக்குச் சேதி சொன்னதெல்லாம் தூக்கத்துலதானே."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. விட்டுவிட்டுக் கூட்டப் போனாள்.

பாதர் வந்து வெகுநேரம் நின்றார். உயிரோடு இருப்பது போலவே இருக்கிறது என்றார். சத்திரத்தில் இடம் கிடைக்காத குடும்பத்தைப் பற்றிப் போன ஞாயிறு அவர் செய்த பிரசங்கத்தில் பாதிக் கோவில் மூக்கைச் சிந்தியது. இன்றைக்கு இந்த அலுத்துப்போன சூசையப்பரைப் பற்றியே பேசிவிடுவதாகத் தீர்மானித்தார். பத்தரை மணிக்குப் பாடற்குழு வந்து, நேர் எதிரே நின்று ஐந்து பாட்டுப் பாடிப் பழகியது. பங்குக் குழுத் தலைவர் புகைப்படம் எடுத்தார். ஓர் அம்மாள் கயிற்றுக்கு வெளியே மெழுகுவர்த்தி ஏற்றி, மகளுக்கு வரன் அமைய வேண்டிக்கொண்டாள்.

தையல்காரர் அன்று காலையில் மட்டும் நாலு தடவை தெருவைத் தாண்டிவந்து பார்த்தார். வருகிறவர்கள் எல்லாரும் அங்கியைப் பாராட்டினார்கள். கேட்கச் சுகமாக இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு மைத்துனர் கைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார். வண்டியில் தார்ப்பாய் சுற்றி, கயிறு கட்டி, நீளமாக ஒன்று.

"கோவிச்சிக்காதீங்க அத்தான். இந்தக் குளிருக்குப் பசை காயவே மாட்டேன்னுச்சு."

"என்ன மாப்ளே இது?"

"சூசையப்பர்."

தையல்காரர் வண்டியைப் பார்த்தார். குடிலைப் பார்த்தார்.

"அப்போ உள்ள உட்கார்ந்திருக்கறது யாரு?"

மைத்துனருக்குக் கேள்வி விளங்குவதற்குள் அவர் கயிற்றைத் தாண்டியிருந்தார். மாதாவின் நீலத் துணி காலில் மாட்டிச் சரிந்தது. அங்கிக்குள் கைவிட்டுக் கையைத் தொட்டார். மரம் இல்லை. மரம் இவ்வளவு சில்லென்று இருக்காது.

சட்டைமேல் ஒட்டியிருந்த ஒரு துண்டு நூலை எடுத்து அந்த மூக்கருகே பிடித்தார். அசையவில்லை. பிடித்துக்கொண்டே இருந்தார். பிறகு, மிகவும் யோசித்துவிட்டு அசைந்த மாதிரி, நூல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

தூக்கும்போது அங்கி விலகியது. உள்ளே சாம்பல் கோட்டு. நேற்று வாசலில் நின்ற ஆள்.

தையல்காரர் காலரைப் புரட்டினார். அவர் தைக்கிற எல்லா உடுப்பிலும் காலருக்கு அடியில் சிவப்பு நூலில் மூன்று தையல் இருக்கும். நான் கொடுத்தது இது இல்லை என்று எந்த வாடிக்கைக்காரரும் வம்புக்கு வரக் கூடாது பாருங்கள். மகனுக்குத் தைத்த கோட்டில் மட்டும், ஏனோ, நாலு தையல் போட்டார்.

நாலு இருந்தது.

*

ஆஸ்பத்திரியில் பதிவு மேசைக் கண்ணாடிக்குப் பின்னால் அவருடைய மகள்தான் வேலை பார்க்கிறாள். தள்ளுவண்டி உள்ளே போனபின் தையல்காரர் கண்ணாடி முன் போய் நின்றார். கையில் கோட்டு. அங்கி அந்த ஆளோடேயே போய்விட்டது.

மகள் எதையும் கேட்காமல் படிவத்தை எடுத்தாள். அழுகிற மகள் இல்லை அவள். வேலை அப்படி ஆக்கியிருந்தது.

"பேரு?"

"தெரியாதும்மா."

"ஊரு?"

"தெரியாது."

"கூட வந்தவரு நீங்க. உறவு என்னன்னு போடணும்ப்பா. உறவு இல்லேன்னா உள்ள விடமாட்டாங்க."

அவர் யோசித்தார். யோசித்து, கோட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். கண்ணாடியின் சின்னத் திறப்பு வழியாகக் காலரின் அடிப்பக்கத்தை உள்ளே தள்ளினார். மகள் குனிந்து எண்ணினாள். எண்ணி முடிக்க நேரமாயிற்று, நாலே தையல்தான் என்றாலும்.

"தம்பியோடதுப்பா."

"ஆமா."

"இவருக்கு எப்படி?"

"நேத்தே வந்தாரு. கடைக்கு வந்து, காலரைத் திருப்பிக் காட்டினாரு. என் கையெழுத்தைக் காட்டித்தான் விலாசம் கேட்டிருக்காரு. எத்தனை தையல்கடை ஏறி இறங்கினாரோ." காலரைப் பழையபடி மடித்துவிட்டார். "நான் போகச் சொன்னேன்."

மகள் பேனாவை எடுத்தாள். பிறகு உறவு என்ற இடத்தில் எழுதிப் படிவத்தைத் திருப்பிக் காட்டினாள். தையல்காரர் என்று எழுதியிருந்தது.

"இது செல்லுமா?"

"இன்னைக்கு நான்தான் மேசையில இருக்கேன்" என்றாள்.

நுரையீரல் பல நாளாகவே கெட்டிருக்கிறது, நேற்றைய குளிர் மிச்சத்தை முடித்துவிட்டது என்றார் டாக்டர். முதுகுதான் ரொம்ப விறைத்துப்போயிருந்தது, முன்பக்கம் ஓரளவு பரவாயில்லை, அது எப்படி என்றுதான் விளங்கவில்லை என்றும் சொன்னார். தையல்காரருக்கு அங்கியின் அந்த இரண்டு நாடா நினைவுக்கு வந்தது.

நாலரை மணிக்கு அந்த மனிதர் கண் திறந்தார்.

கட்டில் ஓரத்தில் இருந்த தையல்காரரை அடையாளம் தெரிந்துகொண்டார். நேற்று வாசலில் பார்த்த அதே தெளிவு முகத்தில் வந்தது. ஒரு கையை மெல்ல உயர்த்தி, இரண்டு விரலைக் கத்தரிக்கோல் போலத் திறந்து மூடினார். அப்புறம் அந்த விரல்களை நீட்டித் தூரத்தில் எதையோ காட்டினார். பிறகு கையைத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

தையல்காரருக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது.

கடை வாசலுக்கு நேர் எதிரே கோவில் முகப்பு. கத்தரிக்கோல் நீண்டது அந்தத் திசையில். அந்த மனிதர் அதைப் போ என்று எடுத்துக்கொள்ளவில்லை. அங்கே காத்திரு, வருகிறேன் என்று எடுத்துக்கொண்டார். போய்க் கல் பெஞ்சில் உட்கார்ந்தார். சொன்னபடியே இருட்டும்போது தையல்காரர் வந்தார், தடிமனான ஓர் உடுப்பை வைக்கோல்மேல் வைத்துவிட்டுப் போனார். அது தனக்குத்தான் என்று அந்த மனிதர் நினைத்தார். எடுத்துப் போர்த்திக்கொண்டு, காட்டிய இடத்திலேயே இருந்தார். பாட்டுப் பாடியபோதும் இருந்தார்.

இப்போது, நீ காட்டிய இடத்தில் நான் காத்திருந்தேன் என்று விரலால் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எம் பையன் எங்கே?" என்று தையல்காரர் தமிழில் கேட்டார். வேறு எந்த மொழியில் கேட்பது? இடது கையை உயர்த்தி, காற்றில் தைப்பது போலக் காட்டினார். "இந்தக் கைக்காரன். பீச்சாங்கை. இருக்கானா?"

அவர் அந்த இடது கையையே பார்த்தார். உதடு விரிந்தது. சிரித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். சேர்ந்தாற்போல ஏழெட்டு வார்த்தை சொன்னார். அதில் மகனின் பெயர் மட்டும் தெளிவாக விழுந்தது. மற்றதெல்லாம் அவர் ஊர்ப் பேச்சு. நாற்காலியில் கிடந்த கோட்டை நோக்கி விரலை நீட்டினார். அது பாதி தூரம்தான் போயிற்று.

மகள் ஓடிப்போய், அந்த மொழி தெரிந்த துப்புரவுக்கார அம்மாளை மூன்றாவது மாடியிலிருந்து கூட்டிவந்தாள். அவர்கள் வந்து சேர்ந்தபோது மணி ஐந்து பத்து. அந்த அம்மாள் கட்டிலைப் பார்த்தாள். குனிந்து, அந்த முகத்தின் கண்களை மூடிவிட்டுத் தன் மொழியில் எதையோ சொன்னாள். அதற்குப் பதில் சொல்ல அவர் இல்லை.

*

ஏழேகாலுக்கு மனைவியும் மைத்துனரும் வந்தார்கள். தையல்காரர் நடைவழி பெஞ்சில், மடியில் கோட்டோடு உட்கார்ந்திருந்தார்.

மைத்துனர் நின்றபடியே சேதி சொன்னார். சூசையப்பரை அங்கி இல்லாமல் வெறும் மரமாகவே நிறுத்தியாயிற்று. பாதர் மந்திரிக்க வந்தார், மந்திரிக்கவில்லை. அலுத்த சூசையப்பரைப் பற்றி எழுதிவைத்திருந்த தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். வாங்க எல்லாரும் என்று பங்குக் கூடத்துக்குக் கூட்டிப் போனார்.

"சாவி உங்ககிட்ட மாட்டிக்கிச்சா, கீலைக் கழற்றுடான்னுட்டாரு அத்தான். நான்தான் கழற்றினேன். பாடற்குழு மொத்தமும் பஸ் நிலையத்துக்குப் போய் ஆளுங்களைக் கூட்டிட்டு வருது. வார்னிஷ் பூரா காலடி."

தையல்காரர் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். சாவி இருந்தது. நாள் முழுக்க இருந்திருக்கிறது.

மனைவி பக்கத்தில் உட்கார்ந்து கோட்டைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள். தோளைத் தடவினாள். கோட்டுக் கையை மோந்து பார்த்தாள். உள்பக்கத் துணியில் விரல் ஓட்டிக்கொண்டே வந்தவள் இடது மார்புப் பக்கத்தில் நின்றாள்.

"இது உங்க தையல் இல்லையே."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஒரு சாண் நீளத்துக்கு உள்துணி பிரிக்கப்பட்டு மறுபடி தைக்கப்பட்டிருந்தது. தையல் எல்லாம் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. இடது கைக்காரன் தையல். நூல் சாயம் போகவில்லை, புதுசு. விரலால் அழுத்தினார். உள்ளே காகிதம் போல எதுவோ மொடமொடத்தது.

கடைசித் தையலில் முடிச்சு இல்லை. நூல் நுனி அரை விரல் நீளத்துக்கு வெளியே தொங்கியது. பத்து வருஷம் திட்டியிருக்கிறார் அதற்கு. முடிச்சுப் போடுடா, முடிச்சுப் போடுடா என்று. பிடித்து ஓர் இழுப்பு இழுத்தால் மொத்தமும் பிரிந்துவிடும்.

அவர் கை நூலுக்குப் போயிற்று.

"இதை அப்புறம்" என்றாள் மனைவி.

"என்னம்மா சொல்றே? மூணு வருஷம்."

"மூணு வருஷம் காத்திருந்தேன், எனக்கும் தெரியும்." அவள் குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் அவருக்குச் சற்று லேசாக இருந்திருக்கும். "நம்ம பிள்ளை அனுப்பினதை நடந்து கொண்டாந்தவரு அங்க கிடக்காரு. நாளைக்கு அடக்கம்னு பாதர் சொல்றாரு. பேரும் தெரியாது, அழ ஒரு ஆளும் கிடையாது. அவருக்குப் போட நீங்க தைச்ச அங்கி ஒண்ணுதான் இருக்கு. அதுக்கு முதுகு இல்லை."

தோளில் மாட்டியிருந்த பையைத் திறந்தாள். அதே காப்பிப்பொடி நிறத்தில் மிச்சத் துணி. ஊசிப் பெட்டி. பெரிய கத்தரிக்கோல். வரும்போதே கடையைத் திறந்து எடுத்து வந்திருக்கிறாள்.

"முதல்ல அவருக்கு முதுகைத் தைங்க" என்றாள். "அப்புறம் இதைப் பிரிக்கலாம். இருக்கானோ இல்லையோ, அதுக்கப்புறம் தெரிஞ்சுக்கறேன்."

மகள் உள்ளே போய் அங்கியை வாங்கிவந்தாள். வைக்கோல் துணுக்குகள் இன்னும் ஒட்டியிருந்தன. தையல்காரர் கத்தரிக்கோலை எடுக்கவில்லை. எடுக்க வரவில்லை. மனைவியே வெட்டிக் கொடுத்தாள். ஊசியில் நூல் கோக்க மூன்று முறை முயன்றார். நாலாவது முறை மகள் வாங்கிக் கோத்துக் கொடுத்தாள்.

அவர் குனிந்து தைக்கத் தொடங்கினார். பக்கத்தில் மனைவி மடியில் அந்தக் கோட்டு. அவள் முகம் அதன்மேல் கவிந்திருந்தது. முடிச்சில்லாத அந்த நூல் நுனி, அவள் மூச்சு படும்போதெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பிறகு நிமிர்ந்தது.